தீவுக் கதையைக் கூடி வாசிப்பது எப்படி? நாகரிகமும் காட்டுமிராண்டித்தனமும் பற்றிய நாவலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில், ஞாயிறு பின்னேரங்களில், வில்லியம் கோல்டிங்கின் ‘லோர்ட் ஒஃப் த ஃபிளைஸ்’ நாவலை (1954) மூன்று தடவை வெவ்வேறு ஆட்களோடு கூடி வாசித்திருக்கிறேன். ஆளில்லாத் தீவில் அகப்பட்ட பள்ளிக்கூடப் பெடியன்கள் மெல்ல மெல்ல ஒருவரையொருவர் வேட்டையாடத் தொடங்குகிற கதை. முக்கியமானவர்கள் ஐந்து பேர்: தலைவனாகத் தெரிவாகும் ரால்ஃப், வேட்டைக்காரரை நடத்தும் ஜாக், கண்ணாடி போட்ட பிக்கி, ஒதுங்கித் திரியும் சைமன், ஜாக்கின் பக்கம் நிற்கும் ரோஜர். முதல் தடவை வட்டம் இரண்டாம் கிழமையே குழம்பியது. அதற்குக் காரணம் நான்தான். படிகளை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் தொடங்கிவிட்டேன்.

இனி இதே வேலையில் இறங்குபவர்களுக்காக அந்த வரிசையை எழுதி வைக்கிறேன். வேறு நாவலுக்கும் பொருந்தும். ஆனால் படிகளை இடம் மாற்ற வேண்டாம்.

1. தொடங்குமுன் சேர்க்க வேண்டியவை

ஆட்கள் எட்டுப் பேருக்குக் குறையக்கூடாது, பன்னிரண்டைத் தாண்டக்கூடாது. எட்டுக்குக் குறைந்தால், இரண்டு பேர் வராத நாளில் கூட்டம் படுத்துவிடும். பன்னிரண்டுக்கு மேலே போனால் பின்வரிசை ஒன்று உண்டாகும்; பின்வரிசைக்காரர் போன் பார்ப்பார்கள். வயது பதினாறுக்கு மேல் இருக்கட்டும். எட்டாம் அத்தியாயத்தில் குட்டி ஈன்ற பன்றியைக் கொல்லும் இடமும் ஒன்பதாம் அத்தியாயமும் மிகக் கடுமையானவை. அதை வருபவர்களுக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

ஏழு ஞாயிறு வேண்டும். நாவலில் 12 அத்தியாயங்கள். முதல் நான்கு கிழமைக்கும் இரண்டிரண்டு அத்தியாயங்கள், ஐந்தாவதுக்கு ஒன்பதாம் அத்தியாயம் மட்டும், ஆறாவதுக்கு மிச்சம் மூன்றும். ஏழாவது கிழமைக்கு நாவல் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் உயர்தரப் பரீட்சைக் காலத்தையும் தவிர்த்து நாள் குறியுங்கள். நான் ஒருமுறை திருவிழாவுக்குள் வைத்து, மூன்று பேரோடும் ஒலிபெருக்கியோடும் உட்கார்ந்திருந்தேன்.

மொழிதான் பெரிய தடை. வருபவர்களில் பாதிப்பேருக்கு ஆங்கிலத்தில் முழு நாவல் வாசிப்பது கஷ்டம். அதற்காக அவர்களை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒருவரை முறைவைத்து, பத்து நிமிடத்தில் கதையைத் தமிழில் வாயால் சொல்ல வையுங்கள். ஒரே நிபந்தனை: நடந்ததைச் சொல்லலாம், கருத்துச் சொல்லக்கூடாது. ‘ஜாக் கெட்டவன்’ என்று கதைசொல்லி முடிவுகட்டிவிட்டால் கேட்பவர்களுக்கு யோசிக்க ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்று, ரியூசன் குறிப்புகள். ‘பிக்கி என்றால் அறிவு, ஜாக் என்றால் சர்வாதிகாரம், சைமன் என்றால் ஆன்மிகம்’ என்று இரண்டு நிரலில் அடித்த தாள் ஒன்றை யாராவது கட்டாயம் கொண்டுவருவார்கள். பரீட்சைக்கு அது உதவலாம். இங்கே அதை மடித்துக் கொப்பிக்குள் வைக்கச் சொல்லுங்கள். விடையை முதலே கையில் வைத்திருப்பவர் கதையைப் பார்க்கமாட்டார்.

வாங்க வேண்டியது எழுதுவதற்கு ஒரு பெரிய பிறிஸ்ரல் போட் (தடித்த அட்டை), இரண்டு நிற மார்க்கர், ஒரு சங்கு. சங்கு உண்மையானதாக இருக்க வேண்டும்.

தீவுக் கதை என்பதால் நெடுந்தீவுக்கு ஒரு பயணம் போகலாமே என்று ஒருவர் கேட்பார். நாங்களும் போனோம். குறிகட்டுவானில் படகேறி, வெயிலில் வெந்து, காட்டுக் குதிரைகளோடு செல்பி எடுத்துத் திரும்பினோம். நாவலைப் பற்றி ஒருவரும் ஒரு வசனம் கதைக்கவில்லை. நல்ல நாள்தான், ஆனால் இந்த வேலைக்கு உதவாது.

2. பெரிய கேள்வியைப் பூட்டி வையுங்கள்

முதல் வட்டத்தில் நான் செய்த பிழை இதுதான். எல்லோரும் கதிரையில் இருந்ததும், ‘மனிதன் அடிப்படையில் நல்லவனா, கெட்டவனா?’ என்று கேட்டேன். பட்டிமன்றம் தொடங்கியது. ஒருவர் திருக்குறள் சொன்னார், ஒருவர் பைபிள் சொன்னார், ஒருவர் எழும்பி நின்று 1983 பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு விறாந்தையில் சத்தமே இல்லை. அடுத்த கிழமை ஐந்து பேர் வரவில்லை.

அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஏற்கெனவே பதில் இருக்கிறது. பதில் இருக்கிற கேள்வியை முதலில் கேட்டால், நாவல் அந்தப் பதிலுக்குச் சாட்சியாகத்தான் பயன்படும். அதைவிட, இந்த ஊரில் அந்தக் கேள்வி வெறும் தத்துவக் கேள்வி இல்லை. கேட்டவுடன் ஒவ்வொருவருக்கும் ஒரு முகமோ ஒரு தெருவோ ஞாபகம் வந்துவிடும். முன்பின் தெரியாதவர்கள் மத்தியில் முதல் நாளிலேயே அங்கே போகச் சொல்வது அநியாயம்.

எனவே முதல் கேள்வியைச் சின்னதாக வையுங்கள். நான் இப்போது கேட்பது: ‘இந்தப் பெடியன்கள் முதல் நாளில் என்னென்ன விதி போட்டார்கள்? ஒவ்வொரு விதியும் எந்தப் பக்கத்தில் முதல்முதலாக மீறப்படுகிறது?’ இதற்குப் புத்தகத்தைத் திறந்தால்தான் பதில் கிடைக்கும்.

பெரிய கேள்வியை யாராவது எழுப்பினால் மறுக்காதீர்கள். போட்டின் ஒரு மூலையில் எழுதி, ‘ஆறாம் கிழமை’ என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

3. சங்கைக் கையில் கொடுங்கள்

கதையில் ரால்ஃப் சங்கை ஊதித்தான் பெடியன்களைக் கூட்டுகிறான். சங்கு வைத்திருப்பவனுக்கே பேச்சு என்பது அவர்கள் போடும் முதல் விதிகளில் ஒன்று. அதே விதியை வட்டத்துக்கும் வையுங்கள். விதி என்றால் என்னவென்று விளங்கப்படுத்துவதைவிட, அதற்குள் இருந்து பார்ப்பது லேசு.

முதலில் சிரிப்பார்கள். எங்கள் வட்டத்தில் ஒரு அம்மா சிரிக்கவில்லை, முகம் சுளித்தார். “இதென்ன தம்பி, செத்தவீட்டுச் சங்கை விறாந்தையில கொண்டுவந்து வைச்சிருக்கிறியள்?” என்றார். அவர் கேட்டது சரி. எங்களுக்குச் சங்கு என்றால் கோயில், அல்லது மரணம். இதை ஒரு இடைஞ்சலாக நினைக்காமல் குறித்து வையுங்கள். பதினோராம் அத்தியாயத்தில் பிக்கியும் சங்கும் ஒரே நொடியில் நொருங்கும் இடம் வரும்போது, தமிழ் வாசகருக்கு அங்கே கூடுதலாக ஒன்று கேட்கும்.

விதி எப்போது சோர்கிறது என்று பார்க்க, கொப்பியோடு ஒருவரை ஓரமாக இருத்துங்கள். சங்கு இல்லாமல் யார் கதைத்தார், அதை யார் கவனிக்கவில்லை என்று அவர் எழுதட்டும். எங்கள் இரண்டாவது வட்டத்தில் மூன்றாம் கிழமைக்குள் ஏழு தடவை மீறல். ஏழில் ஐந்து, வயதில் மூத்த ஆண்கள் இளையவர்களின் பேச்சை வெட்டியது. இன்னொருவர் சங்கை மடியிலேயே வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தார். பேசவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

அந்தக் கொப்பியை ஆறாம் அத்தியாயம் முடிந்த பிறகுதான் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த அத்தியாயத்தில் ஜாக், இனிச் சங்கு தேவையில்லை, யார் பேச வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும் என்கிறான். முதல் வாசிப்பில் அது வில்லன் வசனமாகத் தெரியும். தங்களுடைய ஏழு மீறல்களைக் கேட்ட பிறகு அப்படித் தெரியாது.

4. நான்கு பொருட்களின் கணக்கு

போட்டில் நான்கு நிரல் கீறுங்கள்: சங்கு, கண்ணாடி (பிக்கியுடையது; அதால் வெயிலைக் குவித்துத்தான் நெருப்பு மூட்டுகிறார்கள்), நெருப்பு, பெயர். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அந்தப் பொருளுக்கு என்ன நடந்தது என்று ஒரே வரியில் எழுத வேண்டும். பாத்திரங்களை விட்டுவிட்டுப் பொருட்களைப் பின்தொடரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாத்திரத்தைப் பார்த்தால் உடனே பக்கம் எடுப்போம். பொருளுக்குப் பக்கம் கிடையாது. அது எங்கே கைமாறியது, எங்கே உடைந்தது என்பது மட்டும்தான்.

நெருப்பு நிரலைக் கவனமாக நிரப்புங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் கப்பலுக்குக் காட்ட மூட்டிய நெருப்பு கைமீறிக் காட்டை எரிக்கிறது. முகத்தில் மச்சமுள்ள சின்னப் பெடியன் ஒருவன் அதற்குப் பிறகு காணாமல் போகிறான். நாலாம் அத்தியாயத்தில் காவல் இருக்க வேண்டியவர்கள் பன்றி வேட்டைக்குப் போனதால் நெருப்பு அணைகிறது. அதே நேரம் ஒரு கப்பல் கடந்து போகிறது. கடைசியில் ரால்ஃபை வெளியே துரத்திக் கொல்ல வைத்த நெருப்பின் புகையைக் கண்டுதான் கப்பல் வருகிறது. நிரலை மேலிருந்து கீழே வாசித்த ஒரு தங்கச்சி, “அப்ப கொல்ல வைச்ச நெருப்புத்தான் காப்பாத்தினதோ?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். நான் விளங்கப்படுத்தியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

கண்ணாடி நிரலில் ஒருவர் கட்டாயம் கையை உயர்த்துவார், பெரும்பாலும் விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளை. பிக்கிக்குக் கிட்டப்பார்வை, அதற்குப் போடுவது குழிவு வில்லை, குழிவு வில்லையால் வெயிலைக் குவிக்க முடியாதே என்பார். உண்மைதான், கோல்டிங் அதில் பிழைவிட்டிருக்கிறார். ஒத்துக்கொண்டு நகருங்கள். புதிதாக நடத்துபவர்கள் ஆசிரியரைக் காப்பாற்றப் போய் அரை மணித்தியாலத்தை இழப்பார்கள்.

பெயர் நிரலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தீவில் முதல் நாளே எல்லோருடைய பெயரையும் எழுத வேண்டும் என்று சொல்பவன் பிக்கி. அவனுடைய உண்மையான பெயரை நாவல் கடைசிவரை சொல்வதில்லை, ஒருவரும் கேட்டதுமில்லை. பெர்சிவல் என்ற சின்னவன் ஐந்தாம் அத்தியாயத்தில் தன் முழுப் பெயரையும் விலாசத்தையும் மந்திரம் போல ஒப்புவிக்கிறான். கடைசி அத்தியாயத்தில் கடற்படை அதிகாரிக்கு முன்னால் நிற்கும்போது அது அவனுக்கு வாயில் வரவில்லை.

நான்கில் அடங்காத ஒன்றையும் ஓரத்தில் எழுதுங்கள்: ஐந்தாம் அத்தியாயத்தின் சிரட்டைகள். அருவியில் இருந்து தண்ணீர் கொண்டுவந்து தேங்காய்ச் சிரட்டைகளில் நிரப்பி, இலையால் மூடி வைப்பது என்று தீர்மானித்தார்கள். கொஞ்ச நாளில் சிரட்டைகள் வெறுமையாகிவிட்டன. கொலைக்கு நாலு அத்தியாயம் முந்தியே இது நடந்துவிடுகிறது. ஒருவரும் தண்ணீர் அள்ள மாட்டேன் என்று சொல்லவில்லை. இன்னொருவன் அள்ளுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெரிய கேள்வியைப் பூட்டி வைத்ததன் பலன் இந்த இடத்தில்தான் கிடைக்கத் தொடங்கும்.

5. ரோஜரின் கல்: அரைப் பக்கம் மட்டும்

இரண்டாம் கிழமையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, நாலாம் அத்தியாயத்தில் ரோஜர் கல் எறியும் இடத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆங்கிலத்தில் ஒருதரம், வரிவரியாகத் தமிழில் ஒருதரம்.

ஹென்றி என்ற சின்னவன் கடற்கரையில் விளையாடுகிறான். ரோஜர் மறைந்திருந்து கல்லெறிகிறான், ஆனால் படாமல். ஹென்றியைச் சுற்றி ஆறு யார் விட்டத்தில் ஒரு வட்டம். அதற்குள் எறிய ரோஜருக்குக் கை வராது. அப்பா அம்மா, பள்ளிக்கூடம், பொலிஸ், சட்டம் எல்லாம் அந்தக் கையைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த உலகமோ ஏற்கெனவே இடிந்து கிடக்கிறது, இவனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆறு யார் என்றால் பதினெட்டு அடி. ஒரு மெற்றர் தடியால் விறாந்தையில் அளந்து, சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, ஒருவரை நடுவில் நிறுத்துங்கள். எங்கள் விறாந்தைக்கு அது பெரிதாகி முற்றத்துக்கு இறங்கிவிட்டது. விளிம்பில் நின்று பார்த்தால், நடுவில் நிற்பவர் ஒன்பது அடி தூரத்தில்தான் நிற்கிறார். எறிந்தால் தவறாது.

இங்கே வரும் வழமையான பிழை, ‘ரோஜர் பிறவிக் கொடியவன்’ என்று முடிப்பது. அப்படியானால் கல் ஏன் முதலில் படவில்லை என்று கேளுங்கள். பதினோராம் அத்தியாயத்துக்கு வந்ததும் அதே சுண்ணக்கட்டி வட்டத்தை ஞாபகப்படுத்துங்கள். அங்கேயும் அவன் முதல் கல்லை சாம், எரிக் என்ற இரட்டையர்களுக்கு இடையில் படாமல்தான் எறிகிறான். அடுத்தது பிக்கியைக் கொல்லும் பாறை.

6. சைமன் செத்த இரவு, அடுத்த நாள் காலை

இந்த இரண்டையும் ஒரே அமர்வில் வைக்காதீர்கள்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் இருட்டு, மழை, ஆட்டம். மலையில் இருப்பதாகப் பெடியன்கள் பயப்படும் பூதம் உண்மையில் செத்துப்போன பரசூட்காரன் ஒருவனின் உடல் என்று சொல்ல ஓடிவருகிற சைமனையே பூதம் என்று எல்லோருமாக அடித்துக் கொல்கிறார்கள். ‘எல்லோரும்’ என்ற சொல்லில் நில்லுங்கள். ரால்ஃபும் அங்கே இருந்தான், பிக்கியும் இருந்தான். அன்றைக்கு வேறு ஒன்றும் வேண்டாம். கதை சொல்லி, சைமனின் உடலைக் கடல் கொண்டுபோகும் கடைசிப் பந்தியை வாசித்து, தேநீர் குடித்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஒரு கிழமை இடைவெளி. பிறகு பத்தாம் அத்தியாயத்தின் முதல் பக்கங்கள். ரால்ஃப் அதைக் கொலை என்கிறான். பிக்கி, இருட்டாக இருந்தது, பயமாக இருந்தது, அது தற்செயல் என்கிறான். தாங்கள் வட்டத்தின் வெளியே நின்றதாகப் பேச்சு வளர்கிறது. இரட்டையர்கள், தாங்கள் முன்னமே போய்விட்டோம் என்கிறார்கள். இந்தச் சாட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டில் எழுதுங்கள், தமிழில், நாங்கள் பேசுகிற மாதிரியே: ‘இருட்டு’, ‘தெரியாமல் நடந்தது’, ‘நான் ஓரத்திலதான் நிண்டனான்’, ‘நாங்கள் அப்பவே வந்திட்டம்’, ‘அவன் ஏன் அந்த நேரம் வந்தவன்’.

எழுதிவிட்டு ஒன்றும் சொல்லாதீர்கள். நடத்துபவருக்கு இதுதான் மிகக் கஷ்டமான படி. மௌனத்தை நிரப்ப வாய் துருதுருக்கும். மூன்று நிமிடம் பொறுங்கள்.

மூலையில் பூட்டி வைத்த பெரிய கேள்வியை இதே அமர்வின் முடிவில் எடுக்கலாம். பெரும்பாலும் அதை எடுக்க ஒருவருக்கும் ஆர்வம் இருக்காது. எங்களுக்குப் பிந்திய இரண்டு வட்டத்திலும் அப்படித்தான் நடந்தது.

7. ‘காட்டுமிராண்டி’ என்று சொல்வது யார்?

கதை முடிந்த பிறகே சொல்லை எடுத்துப் பாருங்கள். முதலே எடுத்தால் அகராதி வகுப்பாகிவிடும்.

நாவலில் விதிகள் வேண்டும், நாங்கள் காட்டுமிராண்டிகள் அல்ல, ஆங்கிலேயர் என்று பெருமையாகச் சொல்பவன் ஜாக், இரண்டாம் அத்தியாயத்தில். முகத்தில் சாயம் பூசி ஆட்களை வேட்டையாடப்போவதும் அவன்தான். கடைசியில் வரும் கடற்படை அதிகாரி, பிரித்தானியப் பெடியன்கள் இதைவிடச் சிறப்பாக நடந்திருப்பார்கள் என்று நினைத்தேன் என்கிறார். அவர் வெள்ளைச் சீருடையில், இடுப்பில் ரிவோல்வரோடு நிற்கிறார். பின்னால் போர்க்கப்பல். அது போவதும் வேட்டைக்குத்தான்.

தமிழில் இந்தச் சொல் இன்னும் ஒரு வேலை செய்கிறது: காட்டைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது. மூன்றாவது வட்டத்தில் நான் ‘காட்டுத்தனம்’ என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டேன். வன்னியில் இருந்து படிக்க வந்திருந்த ஒரு பிள்ளை சங்கை வாங்கினாள். “நாங்கள் காட்டுக்குள்ளதான் அண்ணை பிறந்து வளர்ந்தனாங்கள். காட்டில பாலைப்பழம் பொறுக்கினனாங்கள். ஆக்களைக் கொல்லேல்லை,” என்றாள். குடாநாட்டுக்காரர் ‘வன்னிக்காடு’ என்று சொல்லும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு நான் இந்தப் படிக்கு ஒரு தாள் அச்செடுத்து வைத்திருக்கிறேன். மூன்று பகுதி. ஒன்று, புறநானூற்றின் 187ஆம் பாட்டு, ஔவையார் பாடியது: ‘நாடா கொன்றோ காடா கொன்றோ’ என்று தொடங்கி, எங்கே ஆடவர் நல்லவரோ அங்கே நீயும் நல்லை என்று நிலத்தைப் பார்த்துச் சொல்கிறது. இரண்டு, 580ஆம் குறள்: ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்.’ பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்டும் முகம் முறிக்காமல் உண்பவரே நாகரிகம் உள்ளவர் என்கிறது. இன்றைக்கு எங்கள் வாயில் நாகரிகம் என்றால் உடுப்பும் தலைவெட்டும். குறளில் அது கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில் வருகிறது. நஞ்சைக் குடிக்கலாமா என்று ஒரு சண்டை எழும். எழட்டும், அது நல்ல சண்டை.

மூன்றாவது சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியில், வழிப்பறி செய்து வாழும் எயினரின் இடத்தில் களைப்பாறுகிறார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. எயினர் குலப் பெண் சாலினி தெய்வமேறிக் கண்ணகியைப் புகழ்கிறாள். கோவலன் சாவது காவலும் மன்றமும் உள்ள நகரத்தில். காவலர், இவன் கொல்லப்பட வேண்டியவன் அல்லன் என்கிறார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ‘கல்லாக் களிமகன் ஒருவன்’ வாளால் வெட்டிவிடுகிறான். பிறகு மதுரை எரிகிறது, ஆனால் அந்த நெருப்புக்குக் கண்ணகி விதி சொல்லி அனுப்புகிறாள்: முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று. நாவலின் நெருப்பு முதலில் எடுப்பது ஒரு குழந்தையை. இரண்டு நெருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டில் எழுதுங்கள்.

8. போனில் வரும் மறுப்பு

யாராவது ஒருவர் போனை நீட்டி, “இது பொய்க்கதை, உண்மையில் நடந்தது வேற” என்பார். 1965இல் தொங்கா நாட்டில் பள்ளி விடுதியை விட்டு ஓடிய ஆறு பெடியன்கள் அட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கி, 1966இல் மீட்கப்படும்வரை பதினைந்து மாதமளவில் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள். ஒருவனுக்குக் கால் முறிய, மற்றவர்கள் கட்டுப்போட்டுச் சுகப்படுத்தினார்கள்.

மறுப்பை வரவேற்றுவிட்டு அதே பழைய கேள்வியைக் கேளுங்கள்: அவர்களின் விதி என்ன? வேலையை முறைவைத்துப் பிரித்திருந்தார்கள். சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய் ஆறிவிட்டு வருவார்கள். மூட்டிய நெருப்பை அணையவிடவில்லை. அதோடு அவர்கள் ஏற்கெனவே கூட்டாளிகள்; ஆறே பேர். ஒரு கதையை இன்னொரு செய்தி வெல்வதில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் இதில் நிற்க வேண்டாம்.

9. அடுத்த புத்தகத்தை முதலே சொல்லிவிடுங்கள்

ஆறாம் கிழமை முடிவில், ஏழாவதுக்கு முன், அடுத்ததாக என்ன வாசிக்கப்போகிறோம் என்று அறிவித்துவிடுங்கள். ஏழாவது அமர்வு கனமானது. அதற்குப் பிறகும் இந்த வட்டம் இருக்கும் என்று தெரிந்தால்தான் மனிதர் வாயைத் திறப்பார்கள்.

நான் சொல்வது லெனார்ட் வூல்ஃபின் 1913ஆம் ஆண்டு நாவல், ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’. அவர் 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், பிரித்தானிய அதிகாரியாக வேலை பார்த்தவர். கதை நடப்பது தெற்கே, அம்பாந்தோட்டைப் பக்கத்துக் காட்டுக் கிராமத்தில். காடு அங்கே பயங்கரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதைநாயகன் சிலிந்துவின் குடும்பத்தை அழிப்பதில் ஊர்த் தலைவனுக்கும் கடன்காரனுக்கும், விளங்காத மொழியில் நடக்கும் வழக்குக்கும் பெரிய பங்கு உண்டு. ஏழாம் படியில் செய்த வேலை இங்கே நேராகக் கைகொடுக்கும்.

10. ஊர்க் கதை கடைசியில்

ஏழாவது ஞாயிறு நாவலை மூடி வையுங்கள். அவரவர் கண்டதைச் சொல்லலாம். முறைவைத்துக் கேட்காதீர்கள், சங்கை நடு மேசையில் வையுங்கள், விரும்பியவர் எடுக்கட்டும். உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரும் சொல்லக்கூடாது. கொப்பியை மூடிவிடுங்கள், போன்கள் வெளித் திண்ணையில். ஒருவரும் எடுக்காவிட்டால் தேநீரோடு முடிக்கலாம்; அது தோல்வி இல்லை.

போர்க் கதைதான் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒருவர், நாங்கள் மாஸ்ரர் என்று கூப்பிடுபவர், சங்கை எடுத்தார். “அந்தச் சிரட்டையை நீங்கள் எழுதேக்கையே எனக்கு என்னவோ செய்தது,” என்றார். அவருடைய வீட்டில் தண்ணீர் குடிக்கும் பித்தளை மூக்குப்பேணி பதினொன்று இருந்ததாம், புளிபோட்டு மினுக்கி அடுக்கியபடி. தோட்ட வேலைக்கு வருபவர்களுக்கு வேலிக்கரையில் சிரட்டை. கிணற்றில் அவர்கள் கைவைக்கக்கூடாது. அம்மா உயரத்தில் பிடித்து ஊற்றுவா. “அம்மா ஒருதரையும் ஏசமாட்டா. பசியெண்டு வந்தவனைத் திருப்பமாட்டா. ஊத்தேக்கை ஒரு சொட்டும் வெளியில சிந்தாது.” அவ்வளவுதான் சொன்னார்.

நான் ஆறு கிழமையாக, விதி சோரும் இடத்தில்தான் கொடுமை நுழைகிறது என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் ஒரு விதியும் சோரவில்லை.

எனவே இப்போது போட்டில் ஐந்தாவதாக ஒரு நிரல் கீறுகிறேன்: சங்கு எட்டாதவர்கள். விதி மீறப்பட்டதா என்பதோடு, அந்த விதிக்குள் யார் சேரவில்லை என்பதையும் எழுத வேண்டும். இதை ஏழாம் கிழமையில்தான் கீற வேண்டும். முதல் கிழமையிலேயே கீறினால் ஆட்கள் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் எழுதுவார்கள்.

எங்கள் வட்டத்தில் அந்த நிரலில் வன்னிப் பிள்ளை முதலில் எழுதியது, ‘தேத்தண்ணி கொண்டுவாற அக்கா’ என்று. ஆறு கிழமையாக வீட்டுக்கார அக்கா கதவு நிலையைப் பிடித்தபடி நின்று கதை கேட்டிருக்கிறா. ஒருவரும் சங்கை அந்தப் பக்கம் நீட்டவில்லை. அன்றைக்கு நீட்டினோம். அவ கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த முகத்தில மச்சம் இருந்த பெடியனைப் பற்றிக் கடைசியில ஒருதரும் கேக்கேல்லையோ?” என்றா.

நாங்கள் பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தோம். யாராவது செத்தார்களா என்று கடற்படை அதிகாரி கேட்கிறார். இரண்டு பேர்தான் என்று ரால்ஃப் சொல்கிறான். சைமன், பிக்கி. எங்கள் போட்டிலும் பெயர் நிரலின் அடியில், செத்தவர்கள் 2 என்று என் கையெழுத்தில் இருந்தது.

மாஸ்ரர் எழும்பிப்போய் அதை வெட்டி 3 என்று எழுதினார். அடுத்த ஞாயிறு அக்காவுக்கும் ஒரு கதிரை போட்டோம். தேத்தண்ணீரை இப்போது முறைவைத்து ஊற்றுகிறோம்.